மட்கும் மரத்தூரில் முளைத்த காளான்களை அடையாளம் கண்ட விதம்

காளான்களை அடையாளம் காணப் பழகுவதற்கு வெட்டிவிட்ட மரத்தின் தூரை விட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன். தரையில் முளைக்கும் காளான் இன்று இருக்கும், நாளை தேடினால் இருக்காது, அடுத்த முறை பத்தடி தள்ளி வரும். தூரில் அந்தச் சிக்கல் இல்லை. மரத்துக்குள் பரவியிருக்கும் பூஞ்சை இழைகள் தின்ன ஏதாவது மிச்சம் இருக்கும் வரை மழைக்கு மழை அதே இடத்தில் காளான் வரும், அதனால் மொட்டு, விரிந்தது, முற்றியது, அழுகியது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு காளானின் எல்லா வயதையும் பார்க்காமல் அதற்குப் பெயர் வைப்பது கஷ்டம்.

நான் மழைக்காலம் முழுக்கத் தொடர்ந்து பார்த்தது பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தூர்களை. ஒன்று அகன்ற இலை மரம், மற்றது பைன். எதைச் சிற்றினம் வரை கண்டுபிடிக்க முடிந்தது, எதில் பேரினத்தோடு நின்றேன், எந்தச் சோதனை உண்மையில் உதவியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாப்பிடுவதற்காகச் செய்த வேலை இல்லை இது. ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை, நீங்களும் வைக்க வேண்டாம். காரணம் பழுப்புக் காளான்கள் பற்றிய பகுதியில் வரும்.

முதலில் கையில் என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சின்னக் கத்தி, மில்லிமீட்டர் அளவுகோல், பென்சில், காகிதப் பைகள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்து, வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் கூழாகிவிடும். ஒவ்வொரு வகையையும் தனித்தனிப் பையில் போட வேண்டும், ஒன்றின் பொடி இன்னொன்றில் ஒட்டினால் அப்புறம் எதையும் நம்ப முடியாது. இவற்றோடு, நீளக் கைப்பிடி வைத்த சின்ன முகக்கண்ணாடி ஒன்று. எனக்கு மிக அதிகமாக உதவியது அதுதான். தூரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் காளானின் அடிப்பக்கத்தைப் பறிக்காமலே அதில் பார்த்துவிடலாம். படம் எடுக்கும்போது மேல்பக்கம், அடிப்பக்கம், காம்பு மரத்தோடு சேரும் இடம், நெடுக்காக வெட்டிய உள்பக்கம், அப்புறம் முழுத் தூரும் தெரிகிற மாதிரி ஒன்று என்று எடுத்து வைத்தேன். மேலே இருந்து எடுத்த ஒரே ஒரு அழகான படத்தை வைத்துக்கொண்டு யாராலும் பெயர் சொல்ல முடியாது. கைபேசிச் செயலிகளும் அப்படித்தான், அவை சொல்வதை ஒரு ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காளானைத் தொடுவதற்கு முன்னால் மரத்தைப் பார்க்க வேண்டும். எந்த மரம் என்று தெரிந்தாலே பாதிப் பெயர்கள் பட்டியலை விட்டு வெளியே போய்விடும், பல பூஞ்சைகள் ஊசியிலை மரத்தில் மட்டும் வரும், பல அகன்ற இலை மரத்தில் மட்டும். அடுத்தது மரம் எப்படி மட்குகிறது என்பது. அகன்ற இலை மரத்தின் தூர் வெளுத்து, நார் நாராக, பஞ்சு போல அமுங்கியது. இது வெண்மட்கல்: மரத்துக்கு இறுக்கம் கொடுக்கும் லிக்னினையே உடைக்கக்கூடிய பூஞ்சையின் வேலை. பைன் தூர் கரும்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, கட்டி கட்டியாகப் பெயர்ந்து, விரலில் நசுக்கினால் பொடியானது. இது பழுப்பு மட்கல். இதில் செல்லுலோஸ் போய்விடும், லிக்னின் பெரும்பாலும் மிஞ்சும், அதனால்தான் அந்த நிறம். ஒரே தூரில் பல பூஞ்சைகள் எல்லை பிரித்துக்கொண்டு வாழும். மரத்தின் வெட்டுமுகத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தால் பல சமயம் அவை ஒரு பூஞ்சை தன் எல்லையில் போட்ட சுவர்கள்தான்.

முதலில் வந்தது மெல்லிய விசிறி வடிவக் காளான்கள், வரிசை வரிசையாக, பழுப்பு, சாம்பல், வெளிர் மஞ்சள் வளையங்களோடு. பார்த்தவுடன் எல்லாரும் சொல்லும் பெயர் ட்ரமீட்டஸ் வெர்சிகலர், வான்கோழியின் வாலைப் போல இருப்பதாக உலகம் முழுக்கப் பேர் பெற்றது. ஆனால் மேல்பக்க வளையங்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஒரே மாதிரி மேல்பக்கம் உள்ள பல பேரினங்கள் உண்டு. கண்ணாடியை அடியில் நீட்டினேன். அடிப்பக்கம் வழவழப்பாக, துளையே இல்லாமல் இருந்தால் ஸ்டீரியம். ஊதா சாயலும் பல் பல்லாகப் பிய்ந்த துளைகளும் இருந்தால் ட்ரைகாப்டம். தகடு தகடாக, மீனின் செவுள் மாதிரி இருந்தால் லென்சைட்டஸ் பக்கம் போக வேண்டும். வெள்ளை நிறத்தில் நுண்ணிய துளைகள் இருந்தால்தான் ட்ரமீட்டஸ். லென்ஸுக்குக் கீழே அளவுகோலை வைத்து எண்ணியபோது ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று நான்கு துளைகள் இருந்தன. மேலே வெல்வெட் போன்ற ரோமம் இருந்தது, மடித்தால் உடையாமல் வளைந்தது, தடிமன் இரண்டு மில்லிமீட்டர்தான். நான்கும் ஒத்துப்போனதால் வெர்சிகலர் என்று எழுதினேன். அதே தூரின் மறுபக்கத்தில் இதே வளையங்களோடு இருந்த இன்னொரு கூட்டத்தின் அடிப்பக்கம் வழவழப்பு, அது ஸ்டீரியம். மேலே இருந்து பார்த்தால் இரண்டையும் ஒன்று என்றுதான் சொல்லத் தோன்றும்.

தூரின் அடியில் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கனமான பழுப்புக் காளான் கானோடெர்மா. வளரும் விளிம்பு வெள்ளையாக இருந்தது, சுற்றியிருந்த இலைகள் மேலும் அதன் தலை மேலும்கூடக் கோகோ பொடி நிறத்தில் தூசி படிந்திருந்தது. வித்து, அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய தூள், கீழே இருந்துதானே விழ வேண்டும், மேலே எப்படி வந்தது என்று தோன்றும். ஒரு நாளைக்கு வெளியேறும் வித்துகள் பல கோடி, காற்றுச் சுழலில் மேலே ஏறிப் படிந்துவிடுகின்றன. அடிப்பக்கத்தை விரல் நகத்தால் கீறினால் வெள்ளை உடனே பழுப்பாகி, கோடு அப்படியே நின்றது. அதில் படம் வரைபவர்களும் இருக்கிறார்கள். மேல்பக்கம் பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருந்ததால் இது அப்ளனேட்டம் கூட்டம், கூட்டம் என்றால் ஒன்றோடொன்று நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி. வார்னிஷ் அடித்த மாதிரிச் சிவந்து மின்னும் லூசிடம் கூட்டம் வேறு, அதற்குள் இருக்கும் சிற்றினங்களைக் கண்ணால் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

வெயில் பட்டுக் காய்ந்த பக்கத்தில் நரைத்த ரோமத்தோடு, விரல் நகத்தளவு விசிறிகள். ஸ்கிசோபில்லம் கம்யூன். இதை அடையாளம் காணச் சந்தேகமே தேவையில்லை, அடியில் இருக்கும் ஒவ்வொரு செவுளும் நெடுக்காக இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் அந்தப் பிளவுகள் சுருண்டு வித்து உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும், ஈரம் பட்டால் திறக்கும். ஒன்றை நனைத்த காகிதத்தின் மேல் வைத்து, செவுள்கள் நிமிர்ந்து வருவதை லென்ஸில் பார்த்தேன், அவ்வளவு நுணுக்கமான அமைப்பு. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. இதற்கு ஆண் பெண் என்று இரண்டு பால் இல்லை, 23,000க்கும் மேற்பட்ட இணைசேர்ப்பு வகைகள் உண்டு. ஒரு மரத்தூரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சின்ன விசிறியை மரபியல் ஆய்வகங்கள் ஏன் இவ்வளவு காலமாக வளர்க்கின்றன என்பது இதிலிருந்தே புரியும்.

பெரிய மழை ஒன்று முடிந்ததும் தூரின் அடியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் தேன்பழுப்புக் குடைகள். குடையின் மேல் நுனியில் இருந்து விளிம்பு வரை வரிகள், மேலே கண்ணாடித் தூள் தூவியது போன்ற மினுக்கம், தொட்டால் அது ஒட்டிக்கொண்டு வந்தது. கோப்ரினெல்லஸ், மைகேசியஸ் கூட்டம். முற்றியவை விளிம்பிலிருந்து கறுத்து மையாக உருகின. தன் செவுளைத் தானே செரித்துக்கொண்டு வித்துகளுக்கு வழி விடும் வேலை இது. இவற்றில் வித்துப்படிவு (குடையிலிருந்து கீழே விழுந்து படியும் வித்துகளின் தூள்) எடுக்க வேண்டுமென்றால் இளசாகப் பறித்துச் சில மணி நேரத்திலேயே எடுத்துவிட வேண்டும், இரவு முழுக்க விட்டால் காகிதத்தில் மைக்குளம்தான் இருக்கும். இதன் உறவுக்காரனான டிசெமினேட்டஸ் இதை விடச் சின்னது, அதே மாதிரிக் கூட்டமாக வரும், ஆனால் உருகாது.

வித்துப்படிவு என்று சொன்னேன், அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை முழுக்க அதில்தான் நிற்கிறது. காம்பைச் செவுளுக்கு ஒட்ட வெட்டி, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தால் மூடிவிட வேண்டும். காற்று அசையக் கூடாது. ஐந்தாறு மணி நேரத்தில் படிய ஆரம்பிக்கும், காலை வரை விட்டால் கனமாகக் கிடைக்கும். காகிதம் என்றால் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வெள்ளை வித்து வெள்ளைக் காகிதத்தில் தெரியாது, வித்தே விழவில்லை என்று நினைத்துவிடுவோம். நான் சீக்கிரமே காகிதத்தை விட்டுவிட்டுக் கண்ணாடிச் சில்லுக்கு மாறிவிட்டேன். கண்ணாடியை எந்த நிறத்தின் மேலும் வைத்துப் பார்க்கலாம், பிளேடால் சுரண்டி ஒரு குவியலாக்கினால் உண்மையான நிறம் தெரியும், நுண்ணோக்கிக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நிறத்தை எப்போதும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கில் துருப்பழுப்பும் ஊதாப்பழுப்பும் ஒன்றாகத் தெரியும், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரிய வித்தியாசமே இருக்கிறது.

இதன் அருமை வெள்ளைச் சிப்பிகளில் தெரிந்தது. அகன்ற இலை மரத்தூரின் பக்கவாட்டில், காம்பே இல்லாத மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக வெளிறிய காளான்கள் வந்தன. பார்த்தால் சிப்பிக்காளான், ப்ளூரோட்டஸ். ஆனால் க்ரெபிடோட்டஸும் இப்படித்தான் வரும், சின்னதாக, மென்மையாக. க்ரெபிடோட்டஸின் வித்துப்படிவு பழுப்பு, ப்ளூரோட்டஸுக்கு வெள்ளை அல்லது லேசான ஊதாச் சாம்பல். கண்ணாடியில் விழுந்தது கறுப்புத் துணி மேல் வைத்தபோது வெள்ளையாகவும், சுரண்டிக் குவித்தபோது மங்கலான ஊதாவாகவும் இருந்தது. செவுள்கள் காம்பின் மீது இறங்கி ஓடின. சதை தடிமனாக, உறுதியாக இருந்தது.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. வெள்ளைப் படிவு தரும், பார்க்க இதே மாதிரி இருக்கும் வேறு இரண்டு ஆபத்தான காளான்களையும் விலக்க வேண்டும். ஊசியிலை மரத்தூரில் வரும் ப்ளூரோசைபெல்லா, மெல்லிய தூய வெள்ளை விசிறி. பல காலமாக நல்லது என்று சாப்பிட்டு வந்த ஜப்பானில் 2004இல் இதைச் சாப்பிட்டவர்களில் 17 பேர் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார்கள், பெரும்பாலும் முன்பே சிறுநீரகக் கோளாறு இருந்தவர்கள். இரண்டாவது ஓம்ஃபலோட்டஸ். இதன் கிழக்காசிய வகையான ஓம்ஃபலோட்டஸ் ஜப்பானிகஸ், சிப்பிக்காளான் என்று தவறாக எடுத்துச் செல்லப்படுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. அதை நெடுக்காக வெட்டினால் காம்புச் சதையில் கறுத்த திட்டு தெரியும், செவுள்கள் இருட்டில் பச்சையாக ஒளிரும். நான் வெட்டியதில் திட்டு இல்லை. முழு இருட்டு அறையில் கண் பழகும் வரை கால் மணி நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன், ஒளி இல்லை. ஒளி இல்லை என்பது மட்டும் சான்று ஆகாது, பழசானவை ஒளிராமலும் போகும், அதனால் இதை மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் எழுதினேன். ப்ளூரோட்டஸ் பேரினம் என்பதில் உறுதி. கூடுதலாக ஒன்று: மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு, அதை ஈடுகட்ட இந்தப் பூஞ்சையின் இழைகள் நுண்ணிய உருளைப்புழுக்களை மயக்கி, ஊடுருவி, செரித்துவிடுகின்றன. தூருக்குள் வேட்டையும் நடக்கிறது.

இனி பழுப்புக் காளான்கள். இந்தப் பதிவை எழுதவே காரணம் இவைதான்.

மட்கும் மரத்தில் கொத்தாகவோ சின்னக் கூட்டமாகவோ, பழுப்புக் குடையோடு வருபவற்றில் நான்கு பேரினங்களை நான் முக்கியமாக வைத்துக்கொண்டேன். ஆர்மில்லேரியா, ஹைஃபோலோமா, க்யூனரோமைசஸ், கேலரினா. இதில் முதலாவதையும் மூன்றாவதையும் சாப்பிடுவதற்காகப் பறிப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. நான்காவதில் இருப்பது அமடாக்சின், உலகில் மிக அதிகமான காளான் மரணங்களுக்குக் காரணமான அமானிட்டா ஃபலாய்டஸில் இருக்கும் அதே நஞ்சு. உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியை அது நிறுத்திவிடுகிறது. சமைத்தாலும் காய வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது, பிறகு கடுமையான வாந்தி பேதி, பிறகு உடம்பு தேறிவிட்டது போல ஒரு இடைவெளி, அதற்குள் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளிதான் மிகக் கொடுமையானது, மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று நினைக்க வைக்கும். வெள்ளிக் காசு கறுக்குமா, பூண்டு நிறம் மாறுமா, புழு அரித்திருக்கிறதா என்று பார்க்கும் எந்தச் சோதனையும் இந்த நஞ்சைக் காட்டாது.

பைன் தூரில் இரண்டு வகைப் பழுப்புகள் இருந்தன. முதல் கொத்தில் குடைகள் கந்தக மஞ்சள், நடுவில் செம்மஞ்சள், செவுளில் பச்சைச் சாயல். கொத்துகளில் ஒரு வசதி என்னவென்றால் மேலே இருக்கும் குடை கீழே இருக்கும் குடையின் மேல் தானாகவே வித்துப்படிவு போட்டிருக்கும், கீழ்க் குடையின் தலையைப் பார்த்தால் போதும். அங்கே ஊதாப்பழுப்புத் தூள் படிந்திருந்தது. கண்ணாடியிலும் அதே நிறம். ஹைஃபோலோமா ஃபாசிகுலரே. நஞ்சுள்ளது. ஆர்மில்லேரியாவாக இருந்திருந்தால் கீழ்க் குடைகள் மாவு தூவியது போல வெள்ளையாகி இருக்கும், பட்டையைக் கிளப்பினால் அடியில் கறுப்புக் கயிறு போன்ற இழைக்கற்றைகளும் பெரும்பாலும் இருக்கும். பட்டையைக் கிளப்பிப் பார்த்தேன், இல்லை. அந்தக் கயிறுகள்தான் மரத்துக்கு மரம் பரவும் வழி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காடு ஒன்றில் ஒரே ஆர்மில்லேரியா கிட்டத்தட்ட 965 ஹெக்டேர் பரப்பில் பரவியிருக்கிறது.

இரண்டாவது கூட்டம் சின்னது. நான்கு சென்டிமீட்டருக்குள் தேன்பழுப்புக் குடை, ஈரத்தில் வழவழப்பு, காய்ந்தால் வெளுத்தது. காம்பில் மெல்லிய வளையம், அதன் மேல் துருப் பிடித்தது போன்ற தூள். இந்த விவரிப்பு க்யூனரோமைசஸுக்கும் பொருந்தும், கேலரினா மார்ஜினேட்டாவுக்கும் பொருந்தும், இரண்டும் ஒரே மாதிரி மரத்தில் வரும். வளையத்துக்குக் கீழே காம்பைப் பார்க்க வேண்டும். க்யூனரோமைசஸில் அங்கே செதில் செதிலாகப் பழுப்பு முள்கள் நிற்கும், கேலரினாவில் வெள்ளிப் பட்டு நூல் போன்ற இழைகள். நான் பார்த்ததில் செதில் இல்லை. ஆனால் மழையில் செதில்கள் கழுவிப் போவதும் உண்டு என்பதால் அதோடு விடவில்லை.

படிவு துருப்பழுப்பு. கண்ணாடியிலிருந்து ஊசி முனையளவு சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, மேலே மூடுசில்லு வைத்து, முதலில் 400 மடங்கில், பிறகு எண்ணெய் விட்டு 1000 மடங்கில் பார்த்தேன். வித்துகள் பாதாம் வடிவம், நீளம் 8 முதல் 10 மைக்ரோமீட்டர், மேற்பரப்பு முழுக்கச் சொரசொரப்பு, ஒரு பக்கத்தில் மட்டும் வழவழப்பான திட்டு. க்யூனரோமைசஸ் வித்து வழவழப்பாக, சற்றுச் சின்னதாக, முளை வெளிவரும் துளை இருக்கும் நுனி வெட்டப்பட்டது போல இருக்கும். ஆக இது கேலரினா மார்ஜினேட்டா கூட்டம். ஒவ்வொரு தனிக் காளானுக்கும் தனித்தனியாகப் படிவு எடுத்தேன். கொத்துக்கு ஒன்று எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, ஒரே தூரில், விரல் இடைவெளியில், இரண்டு வேறு பேரினங்கள் கலந்து முளைக்கும், நல்லது என்று தெரிந்த கொத்தோடு கேலரினா ஒன்று சேர்ந்து வந்துவிடும். மரக் காளான் பறித்துச் சாப்பிடும் பழக்கமுள்ளவர்கள் இந்த ஒரு வரியையாவது மறக்காமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். கையில் தொடுவதால் அமடாக்சின் ஏறாது, அதனால் பறித்துப் பார்க்கப் பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் கையையும் கத்தியையும் கழுவிவிடுங்கள்.

வேதிச் சோதனையில் ஒன்றே ஒன்று செய்தேன். கீழே விழுந்திருந்த கிளை ஒன்றில் மென்மையான இலவங்கப்பட்டை நிறத் துளைக்காளான் இருந்தது. ஐந்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டதும் பளீரென ஊதாவானது. ஹாபலோபிலஸ். இவ்வளவு தெளிவான பதில் வேறு எந்தச் சோதனையிலும் கிடைக்கவில்லை. கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பாசிக்கு நடுவில் நூல் போன்ற காம்போடு நின்ற சாம்பல் நிறத் தொப்பிகள் மைசீனா. அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான சிற்றினங்கள், செவுள் விளிம்பின் அணுக்களை எல்லாம் நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். குறிப்பேட்டில் மைசீனா என்று மட்டும் இருக்கிறது.

எல்லா மாதிரிகளையும் 40 டிகிரி வெப்பக் காற்றில், ஒடித்தால் நொறுங்கும் வரை உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய உறையில் போட்டிருக்கிறேன். இப்படி வைத்தால் பின்னால் மரபணு வரிசை பார்க்கவும் பயன்படும். ஐடிஎஸ் என்ற பகுதியைத்தான் 2012இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பட்டையாக ஏற்றார்கள். உறையின் மேல் தேதி, எந்தத் தூர், எந்த மட்கல், பச்சையாக இருந்தபோது இருந்த நிறமும் மணமும், படிவின் நிறம், வித்தின் அளவு. காய்ந்தபின் நிறமும் மணமும் போய்விடும், அதனால் அவற்றை அன்றைக்கே எழுதினேன். கேலரினா உறையை மட்டும் சிவப்பு மையில் நஞ்சு என்று எழுதித் தனிப் பெட்டியில், சமையலறைப் பக்கமே வராத இடத்தில் வைத்துவிட்டேன்.